துவாரகாவில் சிபிஎல் கன்வர்ஷன்: வகுப்பை விட லாக்புக் மேஜைக்காகப் போகலாம்

அமெரிக்காவிலோ தென்னாப்பிரிக்காவிலோ பறக்கக் கற்று, கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் (சிபிஎல்) வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் அதை இந்திய லைசென்ஸாக மாற்ற டெல்லியில் எங்கே சேரலாம் என்று தொடர்ந்து கேட்கிறார்கள். அதிலும் மதுரை, திருச்சி, கோவையிலிருந்து பெற்றோர்களே கூப்பிட்டுக் கேட்கிறார்கள். அதனால் நான் சேர்ந்து, முடித்து, லைசென்ஸும் வாங்கிய இடத்தைப் பற்றி ஒரு தடவை முழுசாக எழுதிவிடுகிறேன். துவாரகா செக்டர் 7, ராம்பல் சௌக் பக்கம், மாடிக்கு மாடி பைலட் கோச்சிங் போர்டு தொங்குமே, அதில் ஒன்று. குறைகளும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். வகுப்புகள் சுமார். ரேடியோ பயிற்சி பிரமாதம். விண்ணப்ப ஃபைல் வேலை பார்த்துத் தருகிறோம் என்று தனியாகக் கேட்கும் பணம் தேவையே இல்லை. ஆனால் லாக்புக்கை, அதாவது பறந்த மணிக் கணக்கு எழுதும் புத்தகத்தை, வரிவரியாகப் படிக்கிற ஒரு சார் அங்கே இருக்கிறார், அவர் ஒருவருக்காகவே நான் கட்டிய காசு தகும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது புரிய, கன்வர்ஷன் என்றால் என்ன என்பதை முதலில் சொல்ல வேண்டும். "இது ஐசிஏஓ லைசென்ஸ், உலகம் முழுக்கச் செல்லும்" என்று ஏஜென்ட்கள் சொல்லி அனுப்புகிறார்கள், வீட்டிலும் அதை நம்பிக் கடன் வாங்குகிறார்கள். ஐசிஏஓ என்பது ஐ.நா.வின் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு, அது யாருக்கும் லைசென்ஸ் கொடுப்பதில்லை. 1944 சிகாகோ உடன்படிக்கையின்படி, ஒரு விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடு கொடுத்த, அல்லது அந்த நாடு ஏற்றுக்கொண்ட லைசென்ஸ்தான் அதை ஓட்டுபவரிடம் இருக்க வேண்டும். வாலில் விடி என்று ஆரம்பிக்கும் பதிவு எண் இருந்தால் இந்திய விமான ஆணையமான டிஜிசிஏவின் லைசென்ஸ், என் என்று ஆரம்பித்தால் அமெரிக்க ஆணையமான எஃப்ஏஏவின் லைசென்ஸ். ஐசிஏஓவின் முதலாம் இணைப்பு குறைந்தபட்சத் தகுதிகளைச் சொல்கிறது, அவ்வளவுதான். அதற்கு மேல் என்ன கேட்பது, எந்த மணி நேரத்தைக் கணக்கில் எடுப்பது, எதை விடுவது என்பது ஒவ்வொரு நாட்டின் சொந்த முடிவு. சென்னையில் எடுத்த டிரைவிங் லைசென்ஸை வைத்துக்கொண்டு டெல்லியில் கார் ஓட்டுவது போல இது நடக்காது.

இந்தியாவைப் பொறுத்தவரை, கையில் செல்லுபடியாகும் வெளிநாட்டு சிபிஎல் இருந்தால் டெக்னிக்கல் தாள்கள் எழுத வேண்டாம். ஏர் ரெகுலேஷன்ஸ் ஒரு தாள், நேவிகேஷனும் மெட்டியோராலஜியும் சேர்ந்த காம்போசிட் ஒரு தாள், இரண்டிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும். அப்புறம் ரேடியோ லைசென்ஸான ஆர்டிஆர், டிஜிசிஏ கிளாஸ் 1 மெடிக்கல், ஆங்கிலத் தேர்ச்சிச் சான்று, இங்கேயே பறந்து காட்ட வேண்டிய ஸ்கில் டெஸ்ட்கள், வெளிநாட்டு லைசென்ஸ் உண்மையானதுதான் என்று அந்த நாட்டு ஆணையம் கொடுக்கும் உறுதி. இத்தனையும் சேர்ந்தால்தான் ஃபைல் நகரும்.

வகுப்பைப் பற்றி. ரெகுலேஷன்ஸ் எடுத்த மேடம் நல்ல ஆசிரியர். அமெரிக்காவில் படித்து வந்தவர்கள் எங்கே இடறுவோம் என்று தெரிந்து வைத்திருக்கிறார். அங்கே இரவில் விஎஃப்ஆரில், அதாவது வெளியே கண்ணால் பார்த்தே, பறப்பது சாதாரணம், தனியாகவே போய் வருவோம். இங்கே சூரியன் மறைந்து 20 நிமிடத்திலிருந்து, உதிக்க 20 நிமிடம் இருக்கும் வரை, விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கன்ட்ரோல் சோனுக்குள் ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) அனுமதித்தால் ஒழிய விஎஃப்ஆர் கிடையாது. அங்கே 18,000 அடி வரைக்கும் உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் உள்ளூர் அழுத்தத்தையே வைத்துப் பறந்து பழகிய கைக்கு, இங்கே ஏரோட்ரோமுக்கு ஏரோட்ரோம் மாறும் டிரான்சிஷன் ஆல்டிட்யூட், அதாவது உள்ளூர் அழுத்தத்தை விட்டுப் பொது அழுத்தத்துக்கு மாறும் உயரம், புதிது. பார்வைத் தூரம் மைலில் படித்தவர்கள் மீட்டருக்கு மாற வேண்டும், அந்தப் பொது அழுத்தத்தை 29.92 அங்குலம் என்று வைத்தவர்கள் 1013 ஹெக்டோபாஸ்கலுக்கு மாற வேண்டும். இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் கொட்டாமல், அன்றன்றைய பாடத்தோடு சேர்த்தே சொல்லிக்கொண்டு போனார்.

காம்போசிட் வகுப்புதான் ஏமாற்றம். மெட் பாடத்துக்கு ஒருவர், நேவ் பாடத்துக்கு ஒருவர், இருவருமே பழைய கேள்வித் தொகுப்பைப் புரொஜெக்டரில் போட்டு விடையைப் படித்துக்கொண்டு போனார்கள். பருவமழை எப்படி உருவாகிறது, டெல்லியில் குளிர்காலத்தில் பனிமூட்டம் ஏன் காலையில் தடிக்கிறது என்று கேட்டால், "அது தேர்வுக்கு வராது" என்று பதில். எனக்கு அது பிடிக்கவே இல்லை, நாளைக்கு இந்த வானத்தில்தானே பறக்கப்போகிறோம். கூட்டமும் அதிகம், பின் வரிசையில் உட்கார்ந்தால் எதுவும் காதில் விழாது. வகுப்பு பெரும்பாலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் கலந்து நடக்கும். ஊரிலிருந்து நேராக வந்திறங்கிய தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதல் சில நாட்கள் திணறல்தான். மயூர் விஹாரிலேயே வளர்ந்த எனக்கு அந்தச் சிரமம் இல்லை, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேலத்துப் பையனுக்கு இடைவேளையில் நான்தான் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆர்டிஆர் பயிற்சிக்கு வருகிறேன். இந்தத் தேர்வை முன்பு தொலைத்தொடர்புத் துறை நடத்தியது, 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பாரதிய வாயுயான் அதிநியத்துக்குப் பிறகு பொறுப்பு டிஜிசிஏவிடம் வந்துவிட்டது. சென்டர்காரர்கள் இதை ஒழுங்காகத் தெரிந்து வைத்துப் புதிய முறைக்கே பயிற்சி கொடுத்தார்கள். ஒரு சின்ன அறை, இரண்டு ஹெட்செட், நடுவில் தடுப்பு. நீங்கள் விமானம், அந்தப் பக்கம் இருப்பவர் டவர். புறப்படுவதிலிருந்து இறங்குவது வரை பேச வேண்டும், நடுவில் அவர் எஞ்சினை நிறுத்துவார், யாருக்காவது நெஞ்சுவலி என்பார், நீங்கள் மேடேவா (உயிராபத்து) பான்பானா (அவசரம் மட்டும்) என்று நொடியில் முடிவு செய்து சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஃப்ரீக்வென்சியை "ஒன் ஒன் எய்ட் பாயிண்ட் ஒன்" என்று சொல்லித்தான் பழக்கம். இங்கே "பாயிண்ட்" என்று வாயிலிருந்து வந்த உடனே பயிற்சியாளர் ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிடுவார். "டெசிமல்" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடுப்பாக இருக்கும், ஆனால் நாக்கு திருந்திவிடுகிறது. இந்த ஒரு பயிற்சியை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளவும் விடுகிறார்கள், ரெகுலேஷன்ஸ் ஏற்கனவே முடித்தவர்கள் இதற்கு மட்டும் போனாலே போதும்.

இப்போது லாக்புக் மேஜை. விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர், சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், டெல்லிக்கு வந்து பல காலம் ஆகியும் பேச்சில் ஊர் வாசனை போகாதவர். சனிக்கிழமைகளில் மட்டும் உட்காருவார். முன்னால் நம் லாக்புக், கையில் ஒரு அடிஸ்கேல், ஒரு பென்சில். ஸ்கேலை ஒரு வரிக்குக் கீழே வைத்துப் படித்துவிட்டு அடுத்த வரிக்கு நகர்த்துவார், அவசரமே கிடையாது. டிஜிசிஏ சிபிஎல்லுக்கு மொத்தம் 200 மணி நேரம், அதில் பைலட்-இன்-கமாண்டாக (பிஐசி), அதாவது விமானத்தின் பொறுப்பாளராக, 100, அந்த 100இல் ஊர்விட்டு ஊர் பறக்கும் கிராஸ் கன்ட்ரி 20, கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது 10, இரவில் 5 மணி நேரமும் 10 டேக்ஆஃப், 10 லேண்டிங்கும். எஃப்ஏஏவில் பார்ட் 61 என்ற விதி வழியாக வந்தவரிடம் 250 மணி நேரம் இருக்குமே, பிறகு என்ன பிரச்சினை என்று தோன்றும். எல்லாரும் மாட்டிக்கொள்கிற இடம் அந்த 100தான்.

அமெரிக்க விதிப்படி பிரைவேட் லைசென்ஸ் கிடைத்த பிறகு, பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாலும், கட்டுப்பாட்டுக் கருவிகள் நம் கையில் மட்டும் இருந்தால் அந்த நேரத்தை பிஐசி என்று எழுதிக்கொள்ளலாம். ஒரே வரியில் டூயல் (இன்ஸ்ட்ரக்டரோடு பறந்தது) கட்டத்திலும் 1.3, பிஐசி கட்டத்திலும் 1.3. அங்கே அது முழுக்கச் சட்டப்படியானது. அதே மாதிரி இரண்டு நண்பர்கள் ஒரே விமானத்தில் ஏறி, ஒருவர் கண்மறைப்பு போட்டுக்கொண்டு கருவி பார்த்துப் பறக்க, இன்னொருவர் சேஃப்டி பைலட்டாக வெளியே பார்த்துக்கொண்டிருக்க, இருவருமே பிஐசி எழுதிக்கொள்ள வழியிருக்கிறது. பாதிச் செலவில் மணி நேரம் சேர்க்கிற வழி என்று அங்கே பள்ளிகளே இதைச் சொல்லிக்கொடுக்கும். இங்கே அந்த மணி நேரங்கள் பிஐசியாக நிற்காது. சார் அப்படிப்பட்ட ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொண்டே போவார், பக்கம் முடிந்ததும் மிச்சத்தைக் கூட்டி மூலையில் எழுதுவார். என்னோடு வந்திருந்த ஒரு பையனுக்கு, பெருமையாகக் கொண்டுவந்த எண் கடைசிப் பக்கத்தில் நூறுக்குக் கீழே வந்து நின்றது. முகம் வெளுத்துப் போய்விட்டான். ஃபைல் போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, ஆட்சேபணைக் கடிதம் வந்த பிறகு தெரிந்துகொள்வதை விட, அந்த மேஜையில் தெரிந்துகொண்டது எவ்வளவோ மேல். ஸ்கில் டெஸ்ட் பறக்கப் போன இடத்திலேயே குறைந்த மணி நேரத்தையும் பறந்து சரிக்கட்டிவிட்டான்.

என்னுடைய லாக்புக்கில் அவர் ஸ்கேலை நிறுத்தியது 300 நாட்டிகல் மைல் கிராஸ் கன்ட்ரி வரியில்.

"எம்மா, இந்த ரெண்டு ஏரோட்ரோம்லயும் ஃபுல் ஸ்டாப் போட்டியா, இல்ல டச் அண்ட் கோவா?"

"ஃபுல் ஸ்டாப்தான் சார். ரெண்டு இடத்திலயும் பெட்ரோல் போட்டேன்."

"பில்லு வச்சிருக்கியா?"

"இருக்கு சார்."

"அப்ப அதைக் கொண்டா. உன் ஸ்கூல்லருந்து ஒரு கடுதாசியும் வாங்கிரு. கேக்க மாட்டாங்கன்னு நாம நெனைக்கக் கூடாது."

டிஜிசிஏ விதி அந்தப் பயணத்தில் இரண்டு வேறு வேறு ஏரோட்ரோம்களில் முழுசாக நிற்கும் லேண்டிங் கேட்கிறது, தரையைத் தொட்டதும் மறுபடி எழும் டச் அண்ட் கோ போதாது. நின்றதற்கு ஆதாரம் எரிபொருள் பில்லில் இருக்கும் என்று யோசிக்கிற ஆள் இந்த ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை. இப்போது பயிற்சியில் இருப்பவர்கள் தயவு செய்து பில்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

அவர் பார்க்கிற இன்னொரு விஷயம் தசமம். அமெரிக்க லாக்புக்கில் நேரத்தை மணியின் பத்தில் ஒரு பங்காக எழுதுவோம், இங்கே மணியும் நிமிடமும். 1.3 என்றால் 1 மணி 18 நிமிடம். அதை 1:30 என்று டிஜிசிஏவின் இஜிசிஏ இணையதளத்தில் ஏற்றிவிட்டால் அந்த ஒரு வரியிலேயே 12 நிமிடம் கூடிவிடும், இப்படியே வரிக்கு வரி பிசகி, மொத்தக் கணக்கு லாக்புக்கோடு ஒட்டாமல் போகும். சரிபார்ப்பவர் கண்ணில் அது பிழையாகத் தெரியாது, பொய்யாகத் தெரியும். சார் இதற்கென்றே ஒரு அட்டவணை அடித்து வைத்திருக்கிறார், கேட்பவர்களுக்கு ஜெராக்ஸ் கொடுக்கிறார். காசு வாங்குவதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த சென்டரில் சேருவதற்கு முன்னால் விசாரித்த வேறொரு இடத்தில், மணி நேரம் குறைந்தால் "அட்ஜஸ்ட் பண்ணிடலாம்" என்று முன் மேஜையிலேயே சொன்னார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 2011இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து லைசென்ஸ் வாங்கிய பைலட்கள் இதே டெல்லியில் கைதானார்கள். 2020இல் பாகிஸ்தானில் 262 பைலட்களின் லைசென்ஸ் சந்தேகத்துக்குரியது என்று அந்நாட்டு அமைச்சரே அறிவிக்க, அவர்கள் நாட்டு விமான நிறுவனம் ஐரோப்பாவுக்குள் பறக்கவே தடை விழுந்தது. லைசென்ஸை வழங்கிய நாட்டிடமே கேட்டுச் சரிபார்க்கும் இந்த நடைமுறை நம்மை இழுத்தடிக்கிறது என்று எரிச்சல் வரும், எனக்கும் வந்தது. ஆனால் பின்னால் நூற்றைம்பது பேர் உட்கார்ந்திருக்கிற வேலை இது. அது இருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

சென்டரின் குறைகளுக்கு வருகிறேன். முன் மேஜையில் இருப்பவர்கள் "மூணு மாசத்துல லைசென்ஸ் கையில" என்கிறார்கள். அது அவர்கள் கையில் இல்லை, தேர்வு எப்போது, மெடிக்கல் தேதி எப்போது, வெளிநாட்டு உறுதிக் கடிதம் எப்போது என்று எல்லாமே வேறு வேறு இடங்களில் தொங்குகிறது. இரண்டாவது, சொல்லும் கட்டணத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா இல்லையா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், எனக்கு ரசீது போடும்போதுதான் சேர்த்தார்கள். மூன்றாவதுதான் பெரிது. ஃபைல் பிராசஸிங் என்று ஒரு தொகை, அதற்கு நம் இஜிசிஏ பாஸ்வேர்டையே கேட்கிறார்கள், எல்லாவற்றையும் அவர்களே ஏற்றிவிடுவார்களாம். நான் கொடுக்கவில்லை. அந்தக் கணக்கில் ஏறும் ஒவ்வொரு எண்ணுக்கும் பதில் சொல்ல வேண்டியது நான், அவர்கள் இல்லை. உட்கார்ந்து பொறுமையாகச் செய்தால் நாமே செய்துவிடலாம். சந்தேகம் வந்தால் சனிக்கிழமை சாரிடம் கேட்கலாம்.

மெடிக்கலில் சென்டருக்கு வேலை ஒன்றும் இல்லை. கிளாஸ் 1 முதல் பரிசோதனையை நான் சுப்ரோதோ பார்க்கில் உள்ள விமானப்படை மருத்துவ மையத்தில் முடித்தேன், தெற்கே இருப்பவர்களுக்கு பெங்களூருவில் உள்ள ஐஏஎம் (விமானப்படையின் விமான மருத்துவ நிறுவனம்) வசதி. வெளிநாடு போவதற்கு முன்பே டிஜிசிஏ மெடிக்கல் முடித்துவிடுங்கள். எஃப்ஏஏ மருத்துவர் பார்த்துச் சரி என்றதை இங்கே ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. கண்ணிலோ காதிலோ ஒரு குறை இங்கே தெரியவந்தால், அங்கே கொட்டிய பணம் அப்படியே நின்றுவிடும்.

ஸ்கில் டெஸ்டுக்கு அவர்கள் கைகாட்டிய பறக்கும் பள்ளி பரவாயில்லை. பகலிலும் இரவிலும் ஜெனரல் ஃப்ளையிங் டெஸ்ட், கிராஸ் கன்ட்ரி பகலில் 250 நாட்டிகல் மைல், இரவில் 120 நாட்டிகல் மைல், அதற்கு மேல் மல்டி எஞ்சினும் ஐஆரும் (கருவி பார்த்துப் பறக்கும் தகுதி). டெல்லிக்கு அக்கம்பக்கத்துப் பள்ளி என்றால் டிசம்பர், ஜனவரியில் தேதி வாங்காதீர்கள். காலையில் பனி தரையிலேயே உட்கார்ந்திருக்கும், நவம்பரில் புகை வேறு. ஹாஸ்டல் காசு கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். மகாராஷ்டிராவின் பாராமதி மாதிரி தள்ளிப் போனால் இந்தத் தொல்லை குறைவு.

எஃப்ஏஏ லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இரண்டு விஷயம், இதை சென்டரில் யாரும் சொல்லவில்லை. அங்கே நடக்கும் பறக்கும் தேர்வான செக் ரைடு முடிந்த அன்று கையில் கொடுக்கும் காகிதச் சான்று 120 நாளுக்குத்தான், ஓக்லஹோமா சிட்டியிலிருந்து வரும் பிளாஸ்டிக் அட்டை உங்கள் கைக்கு எப்படி வந்து சேரும் என்று ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்புங்கள். இன்னொன்று, அமெரிக்காவில் முகவரி இல்லாதவர்கள் அங்கே ஒரு ஏஜென்ட்டை எஃப்ஏஏவிடம் பதிவு செய்ய வேண்டும் என்று புது விதி, ஏற்கனவே லைசென்ஸ் வைத்திருந்தவர்களுக்கான கெடு 2025 ஜூலை 7. அதைச் செய்யாமல் விட்டால் அந்த லைசென்ஸை வைத்துப் பறக்க முடியாது. செல்லுபடியாகும் லைசென்ஸைத்தான் இங்கே மாற்ற முடியும் என்பதால் இது நேராக நம்மைத் தொடுகிறது.

எதிர்த்திசையில் போக நினைப்பவர்களும், அதாவது இந்திய லைசென்ஸை வைத்து வெளியே போக நினைப்பவர்களும் சென்டரில் விசாரிக்க வருகிறார்கள். அவர்களுக்கு அங்கே உதவி இல்லை. அமெரிக்கா இந்திய லைசென்ஸின் அடிப்படையில் பிரைவேட் அளவுக்குத் தரும், கமர்ஷியலுக்கு அங்கே தேர்வும் செக் ரைடும் உண்டு. ஐரோப்பாவின் விமான ஆணையமான ஈஸா என்றால் 13 தியரி தாள்களையும் முதலிலிருந்து எழுத வேண்டும், 75 சதவீதம் எடுக்க வேண்டும். பிரிட்டன் 2021 முதல் ஈஸாவுக்குள் இல்லை, லண்டனில் எடுத்ததை வைத்து ஜெர்மனியில் வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என் லைசென்ஸ் வந்துவிட்டது. 2025 பிப்ரவரியில் தொடங்கிய மின்னணு லைசென்ஸ் முறையால் போனிலேயே இருக்கிறது, அப்பா அதை ஜெராக்ஸ் எடுக்க முடியவில்லையே என்று இன்னும் வருத்தப்படுகிறார். இப்போது ஏர்லைன் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், குறிப்பிட்ட விமான ரகத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் செலவு தனிக் கதை.

ஆகவே துவாரகாவில் எந்த சென்டருக்குப் போனாலும், பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: என் லாக்புக்கை யார் பார்ப்பார், எப்போது பார்ப்பார், சேருவதற்கு முன்பே ஒரு தடவை பார்ப்பாரா? நான் சேர்ந்த இடத்தில் சேருவதற்கு முன்பே பார்த்தார்கள். வெளிநாட்டில் இன்னும் பயிற்சியில் இருப்பவர்கள் பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்பினாலும் சார் பார்த்துச் சொல்கிறார், குறைகிற மணி நேரத்தை அங்கேயே தனியாகப் பறந்து முடித்துவிட்டு வரலாம். சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் வரிசை மாடிப்படி வரைக்கும் வந்துவிடும். அசல் லாக்புக்கையும் எடுத்துப் போங்கள், ஜெராக்ஸில் பென்சில் கோடு போட மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிடுவார்.